மெரோனுக்குப் போட்ட நெய்

அடுப்படியில் கையில் நெய்க் கரண்டியோடு நின்றுகொண்டு வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். சொந்த வீட்டில், நானே காய்ச்சிய நெய்யை எடுப்பதற்குத் திருட்டு முழி முழித்தவள் காஞ்சிபுரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கூடத்தில் வீட்டுக்காரர் தறியில் இருந்தார். என் மகள் அகிலாவும் அவளுடைய ஹாஸ்டல் சிநேகிதியும் இன்னும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்கள். வாலாஜாபாத் தாண்டிவிட்டதாகச் சற்று முன்புதான் போன் வந்திருந்தது.

இட்லி மாவு ராத்திரியே நன்றாகப் பொங்கியிருந்தது. மிளகு, சீரகம், சுக்கு எல்லாம் தட்டிப் போட்டாயிற்று. ஒரு கரண்டி நெய் ஊற்றிக் கலக்கினேன். மனசு கேட்கவில்லை. இன்னொரு கரண்டியும் ஊற்றினேன். பிறகு நெய்ச் சட்டியை அரிசி டின்னுக்குப் பின்னால் நகர்த்தி வைத்துவிட்டு, டம்ளர்களில் மாவை ஊற்றி வேகவைத்தேன்.

வாராவாரம் நான் பத்திரிகையில் எழுதும் இந்தத் தொடரில் என் நாத்தனார், ஆபீஸ் சூப்பரின்டெண்டென்ட், எதிர்வீட்டுக்காரர் என்று எல்லோருடைய குட்டும் வெளிவந்துவிட்டது. "உன் குட்டு எப்போம்மா வரும்?" என்று போன வாரம் அகிலா கேட்டாள். இதோ வந்துவிட்டது.

பால் வேணாம், தயிர் வேணாம்

சிநேகிதியின் பெயர் மெரோன். எத்தியோப்பியாவிலிருந்து சென்னைக்கு எம்.எஸ்சி. படிக்க வந்தவள். வந்து இரண்டு வருஷம் ஆகியும் கல்லூரி, ஹாஸ்டல், கடற்கரை தவிர எதையும் பார்க்கவில்லையாம். "சனி ஞாயிறு நம்ம ஊருக்குக் கூட்டிக்கினு வர்றேன்மா. கோயிலெல்லாம் பாக்கட்டும், நல்லா சாப்பிடட்டும்," என்றாள் அகிலா.

பிறகு மெதுவாக ஒன்றைச் சேர்த்தாள். "ஆனா அவ இப்போ பால், தயிர், நெய், முட்டை எதுவும் தொட மாட்டா. வீகன் மாதிரி. மறந்துடாதம்மா."

வீகன் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆபீஸில் ஒரு பெண் கல்யாணத்துக்கு முன்னால் இடுப்பு இளைக்க வேண்டும் என்று மூன்று மாதம் அப்படி இருந்தாள். கல்யாணத்தன்று மணவறையிலேயே மயங்கி விழுந்தாள். அகிலா காட்டிய போட்டோவில் மெரோன் ஏற்கனவே வெடவெடவென்றுதான் இருந்தாள். இந்த உடம்பில் இன்னும் எதை இளைக்கப்போகிறாள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. இரண்டு நாள் என் கையில் கிடைக்கட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்று முடிவு கட்டினேன்.

வந்தவள் வாசலிலேயே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தோளில் வெள்ளைப் பருத்தித் துணி ஒன்று போட்டிருந்தாள். ஓரத்தில் பச்சையும் மஞ்சளுமாகச் சின்ன பார்டர். வீட்டுக்காரர் "வாம்மா" என்று சொன்னாரோ இல்லையோ, அந்தத் துணியின் முனையைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நெசவுக்காரர்களுக்கு அது பழக்கம். கல்யாண வீட்டில்கூட எதிரே வருகிறவர் முகத்தைவிட முந்தானையின் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

"யாருமா நெய்ஞ்சது?"

"எங்க ஊர் ஆள், அப்பா. கையில."

"ஆம்பளைங்களா, பொம்பளைங்களா?"

"ஆம்பளைங்க."

"அங்கயும் தறி மிதிச்சு காலு வலிக்குறது நமக்குத்தான் போல," என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போனார். அந்த நிமிஷமே மெரோன் எங்கள் வீட்டுப் பெண் ஆகிவிட்டாள்.

பந்தியில் வராத நெய்

நான் ஏன் நெய் போட்டேன் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. சமாதானம் என்று யாரும் நினைக்க வேண்டாம். தப்பு தப்புதான்.

என் அக்கா கல்யாணத்தில் மூன்றாம் பந்திக்கு நெய் தீர்ந்துபோயிற்று. மாப்பிள்ளையின் சித்தப்பா இலையில் இருந்த பருப்பைக் குழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பருப்பு வந்துடுச்சு. நெய் நடந்து வருதா, பஸ்ஸுல வருதா?" என்று கேட்டார். பந்தியே சிரித்தது. எங்கள் அப்பா தலையைக் குனிந்துகொண்டு சமையற்கட்டுக்குள் போனவர், அந்தப் பந்தி எழுந்திருக்கும்வரை வெளியே வரவில்லை.

இப்போதும் அக்கா வீட்டு விசேஷத்தில் யாராவது ஒருவர் அந்தப் பஸ்ஸை ஞாபகப்படுத்தாமல் இருப்பதில்லை. நான் குடித்தனம் வந்த நாளிலிருந்து என் வீட்டில் நெய் குறைந்ததே கிடையாது. விருந்தாளிக்கு நெய் இல்லாமல் இலை போடுவது என்றால் அப்பாவின் குனிந்த தலைதான் எனக்கு ஞாபகம் வரும்.

ஆகவே டம்ளரைக் கவிழ்த்து, இட்லியை வட்ட வட்டமாக அறுத்து, மெரோனின் தட்டில் வைத்தேன். "நெய்யில்லாம செஞ்சியா?" என்று அகிலா கேட்டாள். "எல்லாம் நீ சொன்ன மாதிரிதான்," என்றேன்.

மெரோன் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டாள். மெல்வதை நிறுத்தினாள். என்னை ஒருமுறை பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. மிளகு காரம் என்று நினைத்து நான் தண்ணீரை நகர்த்தினேன். அவள் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட்டாள். முடித்ததும், "அம்மா, இன்னொண்ணு?" என்றாள். அதன் பிறகும் ஒன்று கேட்டாள். டம்ளர் இட்லியில் மூன்று என்பது எங்கள் வீட்டு ஆம்பளைகளே மூச்சு வாங்குகிற அளவு. ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

பிறகு காபியில் பால் வேண்டாம் என்றாள். கடுங்காப்பியை நாங்கள் காய்ச்சல்காரருக்குத்தான் கொடுப்போம். அதைப் போய் அவ்வளவு ரசித்துக் குடித்தாள். காப்பிச் செடியே அவர்கள் நாட்டிலிருந்து வந்ததுதான் என்று அகிலா சொன்ன பிறகு நான் வாயை மூடிக்கொண்டேன்.

கடை வாசலில் ஒரு கேள்வி

அன்று முதலில் சின்ன காஞ்சிபுரத்துக்குப் போனோம். ஷேர் ஆட்டோவில் எங்கள் மூவரோடு இரண்டு மூட்டை சாயம் போட்ட பட்டும் வந்தது. மூட்டைக்காரர் மெரோனிடம் எந்த ஊர் என்று கேட்டார். எத்தியோப்பியா என்றதும், "அது திண்டிவனம் தாண்டியா?" என்றார். முகத்தைப் பார்த்தால் கிண்டலா நிஜமா என்று தெரியவில்லை. "இன்னும் கொஞ்சம் தள்ளி, அண்ணா," என்றாள் மெரோன்.

பெருமாள் கோயிலில் வெளிநாட்டுக்காரர்களை உள்சந்நிதிக்கு விடுவதில்லை. நூற்றுக்கால் மண்டபத்தோடு நின்றுகொண்டோம். மேலிருந்து தொங்கும் கல் சங்கிலியை மெரோன் வெகு நேரம் அண்ணாந்து பார்த்தாள். ஒரே கல்லில் செதுக்கியது என்று அகிலா சொன்னதும், தங்கள் நாட்டில் ஒரே பாறையைக் குடைந்து கட்டிய தேவாலயம் இருக்கிறது, அங்கேயும் செருப்பில்லாமல்தான் போகவேண்டும் என்றாள்.

திரும்பும்போது பிரசாதக் கடையில் கோயில் இட்லி வாங்கலாம் என்று மெரோன் நின்றாள். ஹாஸ்டலுக்குக் கொண்டுபோக ஆசை.

"மத்தவங்களுக்கு வாங்கு. நீ சாப்பிடாத, இதுல நெய் இருக்கும்," என்றாள் அகிலா.

மெரோன் என் பக்கம் திரும்பினாள். "அம்மா இட்லியில நெய் இல்ல. ஆனா ஸ்மெல் சேம்தானே?"

"அது நல்லெண்ணெய்மா," என்றேன். "செக்குல ஆட்டினது. அப்படித்தான் வாசனையா இருக்கும்."

என் வாயிலிருந்து எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று எனக்கே தெரியவில்லை. மெரோன் "ஓகே அம்மா" என்றாள். அவள் முகம் தெளிந்தது மாதிரி இருந்தது. அகிலா மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை.

சின்னச் சின்ன அறைகள்

சாயங்காலம் கைலாசநாதர் கோயிலுக்கு நடந்தே போனோம். எங்கள் பிள்ளையார்பாளையத்திலிருந்து கிட்டத்தான். மஞ்சள் வெயில் அந்த மணல்கல் மேல் விழுந்துகொண்டிருந்தது. சுற்றுச் சுவரை ஒட்டி ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய சின்னச் சின்ன அறைகள் வரிசையாக இருக்கும். மெரோன் அதில் ஒன்றில் புகுந்து, வெள்ளைத் துணியைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்தாள். உதடு மட்டும் அசைந்தது.

அகிலா போட்டோ எடுக்கப் போய்விட்டாள். நான் புல்தரையில் உட்கார்ந்து காத்திருந்தேன். கால் மணி நேரம் கழித்து மெரோன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். போனைத் திறந்து ஒரு போட்டோவைக் காட்டினாள். அவளுடைய அம்மா. அதே நெற்றி, அதே வெள்ளைத் துணி.

"மண்டே ஆபரேஷன்," என்றாள். வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "கட்டி. நான் வரேன்னு சொன்னேன். எக்ஸாம் இருக்கு, வராதன்னு சொல்லிட்டாங்க."

அவளுக்குத் தெரிந்த தமிழிலும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷிலுமாக மெதுவாக விஷயம் புரிந்தது. இது அவர்களுடைய பெரிய நோன்புக் காலம். ஈஸ்டர் வரைக்கும் கிட்டத்தட்ட எட்டு வாரம் மாமிசம், பால், நெய், முட்டை எதுவும் கிடையாது. வாரநாட்களில் மதியம்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். சனி ஞாயிறு மட்டும் காலையிலேயே சாப்பிடலாம். ஒவ்வொரு வருஷமும் நடுவில் சாக்லேட், ஐஸ்கிரீம் என்று ஏமாற்றிவிடுவாளாம்.

"இந்த வருஷம் ஒரு டிராப் பால்கூட இல்ல, அம்மாவுக்காகன்னு காட் கிட்ட ப்ராமிஸ் பண்ணேன்," என்றாள்.

வேண்டுதல் என்று ஒரு வார்த்தை அகிலா சொல்லியிருக்கக்கூடாதா என்று முதலில் அவள்மேல்தான் பழியைப் போடப் பார்த்தேன். அவளுக்கே தெரியாது என்று பிறகுதான் தெரிந்தது. மெரோன் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம்தான் முதலில் சொல்கிறாள்.

"நீங்களும் ப்ரே பண்ணுங்க அம்மா," என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

உப்புச் சுண்டல்

விரதம் உடைவது என்றால் என்னவென்று எனக்கு நன்றாகவே தெரியும். அகிலாவுக்கு மூன்று வயதில் டைபாய்டு வந்தது. குமரகோட்டம் முருகனுக்கு வேண்டிக்கொண்டு ஒரு மண்டலம் உப்பில்லாமல் சாப்பிட்டேன். முப்பதாவது நாளோ என்னவோ, ஆபீஸில் யாரோ பிறந்தநாள் என்று சுண்டல் கொடுத்தார்கள். கோப்பைப் பார்த்துக்கொண்டே ஒரு பிடியை வாயில் போட்டுவிட்டேன்.

உப்பு நாக்கில் பட்டதும் ஆபீஸே சுற்றியது. பர்மிஷன் கேட்காமல் வீட்டுக்கு ஓடினேன். குழந்தை அப்பா மடியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தது. வீட்டுக்காரர், "முருகனுக்கு வேற வேலை இல்லியா, உன் சுண்டலை எண்ணிக்கினு இருக்கப்போறாரா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் முழுசாக விடுகிறவரைக்கும் ஒவ்வொரு தடவை நெற்றியைத் தொடும்போதும் அந்தச் சுண்டல்தான் ஞாபகம் வந்தது.

அதே பயத்தை எங்கிருந்தோ வந்த ஒரு பெண்ணுக்கு இரண்டு கரண்டியில் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். அவளுக்குத் தெரியாது என்பது ஒன்றுதான் ஆறுதல். திங்கட்கிழமை ஏதாவது ஆகிவிட்டால் அந்த ஆறுதலும் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாப் பாத்திரத்தையும் புளி போட்டுத் தேய்த்தேன். நெய் வாடை பட்ட கரண்டியைக் கொல்லையில் கொண்டுபோய் வைத்தேன். வற்றல் குழம்பு, நல்லெண்ணெயில் தாளித்த ரசம், தேங்காய் போட்ட பீன்ஸ் பொரியல், அப்பளம். மோர்ச் சட்டி இருந்த பக்கமே போகவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு மறுநாள் சோற்றைச் சுத்தமாகப் பொங்கி என்ன பிரயோஜனம்?

தாங்காமல் வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் தறியை நிறுத்தினார்.

"சொன்னா அந்தப் பொண்ணு அழும். சொல்லலன்னா நீ அழுவ. ரெண்டுல எது பரவால்ல, நீயே பாத்துக்கோ," என்றார்.

"ஆபரேஷன் முடிஞ்சப்புறம் சொல்லட்டுமா?"

"நல்லபடியா முடிஞ்சா சொல்லமாட்ட. முடியலன்னா சொல்லவே முடியாது."

முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் இவ்வளவு சரியாகப் பேசி நான் கேட்டதில்லை. எரிச்சலாக இருந்தது.

"தெரியும் அம்மா"

சாப்பாடு முடிந்து அகிலா துணி மடிக்க மாடிக்குப் போனாள். மெரோன் நான் தடுக்கத் தடுக்கத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நாலு மணிக்கு அவர்களுக்கு பஸ். நான் குழாயை மூடினேன்.

"மெரோன், நேத்து இட்லில நெய் இருந்துச்சு. நான்தான் போட்டேன். அகிலா வேணாம்னு சொன்னா. நீ உடம்பு இளைக்க இருக்கறேன்னு நெனச்சு போட்டுட்டேன். கோயில்ல கேட்டப்பவும் பொய் சொன்னேன்."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. அவ்வளவும் தமிழிலேயே சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியும் அம்மா," என்றாள்.

"எப்போ?"

"ஃபர்ஸ்ட் வாய்."

அவளுடைய அம்மாவும் வெண்ணெய் காய்ச்சுவாளாம். ஏலக்காய், வெந்தயம், ஏதோ இலையெல்லாம் போட்டு. அந்த வாசனையில்தான் அவள் வளர்ந்தாளாம். நான் முருங்கைக்கீரை போட்டுக் காய்ச்சிய நெய்யில் அவளுக்கு அவள் வீடு வந்துவிட்டது.

"துப்பியிருக்கணும். துப்பல," என்றாள். "அப்புறம் செகண்ட் நான் கேட்டேன். தேர்டும் நான் கேட்டேன். நீங்க ஒரு மிஸ்டேக் பண்ணீங்க. நான் ரெண்டு."

அப்போதுதான் அழுதாள். இரண்டு நாளாக என்னைவிடப் பெரிய பாரத்தை வைத்துக்கொண்டு கல் சங்கிலியைப் பார்த்திருக்கிறாள், மூட்டைக்காரருக்குப் பதில் சொல்லியிருக்கிறாள். பிரசாதக் கடையில் அவள் கேட்ட கேள்வியும் எனக்கு அப்போதுதான் புரிந்தது. "நெய் இல்லை" என்று நான் சொன்னால், தன் நாக்குதான் ஏமாந்தது என்று நம்பிக்கொள்ள ஆசைப்பட்டிருக்கிறாள். நான் சொன்ன பொய் அவளுக்கு அரை நாள் நிம்மதியைக் கொடுத்திருக்கிறது. பொய்யை நினைத்து வெட்கப்படுவதா, ஆறுதல் அடைவதா என்று கொஞ்சம் தடுமாறிப்போனேன்.

அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். என் உயரம் அவள் தோளுக்குத்தான். என் பெண்ணை அணைத்தே ரொம்ப நாளாகியிருந்தது என்பது அப்போது உறைத்தது.

"எங்க ஊர்ல ஒருத்தருக்கு முடியலன்னா இன்னொருத்தர் அந்த வேண்டுதலை எடுத்துக்கலாம்," என்றேன். "உங்க பண்டிகை வர்ற வரைக்கும் நானும் பால், தயிர், நெய் தொடமாட்டேன். உன்கூடச் சேர்ந்து. சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

"நீங்க டீ எப்படிக் குடிப்பீங்க?"

"கடுங்காப்பி இருக்குதில்ல," என்றேன். அழுகைக்கு நடுவே சிரித்தாள்.

புதன்கிழமை

திங்கட்கிழமை நான் ஆபீஸில் ஒரு கோப்பையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. மத்தியானம் குமரகோட்டத்துக்குப் போய் நின்றுவிட்டு வந்தேன். சாயங்காலம் அகிலாவிடமிருந்து ஒரே வரி வந்தது. முடிந்துவிட்டது, கண் விழித்துவிட்டார்கள் என்று.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மெரோனே கூப்பிட்டாள். பக்கத்தில் அகிலாவின் குரலும் கேட்டது. அம்மாவோடு இப்போதுதான் பேசினேன் என்றாள்.

"அம்மா ஃபர்ஸ்ட் என்ன கேட்டாங்க தெரியுமா? நோன்பு இருக்கியான்னு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"உண்மை சொன்னேன். உடைச்சுட்டேன்னு. இங்க ஒரு அம்மா எனக்கு நெய் போட்டாங்க, நான் வேணாம்னு சொல்லியும் போட்டாங்கன்னு."

"ஐயோ, திட்டினாங்களா?"

"எவ்வளவு போட்டாங்கன்னு கேட்டாங்க."

"ரெண்டு கரண்டி," என்றேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்தக் கணக்கை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மெரோன் தன் அம்மா சொன்னதை ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழாக்கிச் சொன்னாள்.

"அம்மா சிரிச்சாங்க. தையல் வலிக்குது, சிரிக்க வைக்காதன்னு சொன்னாங்க. அப்புறம் சொன்னாங்க, எனக்கு ஆபரேஷன் பயம் இல்ல, நான் இல்லன்னா உனக்கு யார் சாப்பாடு போடுவாங்கன்னுதான் பயம்னு. நீ வேணாம்னு சொன்னாலும் போடறதுக்கு அங்க ஒரு ஆள் இருக்குதே, இப்போ நான் தூங்கறேன்னு சொல்லிட்டு ஃபோனை வெச்சுட்டாங்க."

நான் டிபன் டப்பாவை மூடினேன். பக்கத்து மேஜைக்காரர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. அந்த அம்மாவின் பெண்ணுக்கு இரண்டு நாள் சோறு போட்டிருக்கிறேன், அவளுக்காகக் கோயிலில் போய் நின்றிருக்கிறேன். அவள் பெயர் என்ன என்று அதுவரை நான் கேட்கவேயில்லை.

"உங்க அம்மா பேரு இன்னாம்மா?" என்று கேட்டேன்.

"அல்மாஸ்," என்றாள் மெரோன்.